திரை கொடுத்த ஆட்சியா? அண்ணாவின் எழுத்தும் நடிப்பும் அரசியலும்

1967 மார்ச் 6ஆம் தேதி சி.என். அண்ணாதுரை சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். பச்சையப்பன் கல்லூரியில் முதுகலை முடித்தவர், இதழாசிரியர், நாவல், சிறுகதை, நாடகம், திரைக்கதை எனப் பல வடிவங்களில் எழுதியவர், தாம் எழுதிய நாடகங்களில் தாமே அரிதாரம் பூசி நடித்தவர். விடுதலைப் போராட்டத்தின் பெருமையையும் காமராசர் ஆட்சியின் நற்பெயரையும் ஒருசேரக் கொண்டிருந்த காங்கிரசை, பதினெட்டு வயதுகூட நிறையாத தி.மு.க. என்ற கட்சி எப்படி வீழ்த்தியது? பலரும் அப்போதே ஒரு விடையைக் கைவசம் வைத்திருந்தார்கள்: சினிமா.

அந்த விடைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. அதைச் சிலர் ஏளனமாகச் சொன்னார்கள், சிலர் ஆய்வு முடிவாகச் சொன்னார்கள், வேறு சிலர் அதை மறுத்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசினார்களா என்ற ஐயம் இந்த விவாதத்தைத் தொடர்ந்து படிப்பவருக்கு எழாமல் இருக்காது. அண்ணா நாடகம் எழுதியதும், கருணாநிதி வசனம் எழுதியதும், எம்.ஜி.ஆர். திரையில் தோன்றியதும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிட்டன. மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் வேலை செய்தவை. பிரித்துப் பார்த்தால், அண்ணாவைப் பொறுத்தவரை கேள்வியே வேறு உருவம் கொள்கிறது.

ஏளனத்தில் பிறந்த கேள்வி

நடிகர்கள் ஆட்சி நடத்த முடியுமா என்பது 1960களில் காங்கிரஸ் மேடைகளில் அடிக்கடி கேட்ட குரல். காமராசரே அந்தப் பொருளில் பேசியதாகப் பதிவு உண்டு. ராஜாஜிக்குச் சினிமா மீது நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. பெரியாரும் சினிமாவைக் கடுமையாகச் சாடியவர். மக்களின் அறிவை மழுங்கடிக்கும் கேடுகளில் ஒன்றாகவே அதைக் கருதினார். அரசியலில் எதிரெதிர்த் திசைகளில் நின்ற மூவரும் இந்த ஒரு விஷயத்தில் நெருங்கி வருவது கவனிக்கத்தக்கது.

தமிழ்ப் பண்பாட்டு மேல்தட்டினர் சினிமாவை எதிர்கொண்ட விதம் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரை இங்கே துணைக்கு வருகிறது. பாமரருக்கான மலிவான கேளிக்கை என்று ஒதுக்கவும் முடியாமல், அதன் செல்வாக்கைப் புறக்கணிக்கவும் முடியாமல் அவர்கள் பட்ட தத்தளிப்பை அவர் காட்டுகிறார். கூத்தும் நாடகமும் ஆடுபவர்கள் மீது சாதியச் சமூகம் சுமத்திவந்த இழிவும் இதில் கலந்திருக்கிறது. அரிதாரம் பூசியவன் ஆளலாமா என்ற கேள்விக்குள், யார் ஆளப் பிறந்தவர் என்ற பழைய நினைப்பு ஒளிந்திருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த ஏளனத்தைக் கைவிட்டன. ஆனால் ஏளனம் வகுத்துக்கொடுத்த கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டன. அதுவே ஒரு குறை என்பது என் கணிப்பு.

காங்கிரஸ் காலத்து மேடை

அரசியலையும் அரங்கத்தையும் முதலில் இணைத்தது திராவிட இயக்கம் என்ற எண்ணத்தைத் தகர்த்தவர் சு. தியடோர் பாஸ்கரன். 1880 முதல் 1945 வரையிலான கேளிக்கை ஊடகங்களையும் தேசிய அரசியலையும் பற்றி 1981இல் வெளிவந்த அவரது நூல், ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு தமிழ் நாடகக் கம்பெனிகள் எப்படித் தேசிய அரசியலுக்குள் இழுக்கப்பட்டன என்பதை விரிவாக ஆவணப்படுத்தியது. புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாடல்களைப் பாடிச் சிறை சென்ற விஸ்வநாததாஸ், காங்கிரசுக்காகப் பாடிப் பிரச்சாரம் செய்த கே.பி. சுந்தராம்பாள், கல்கியின் கதையில் கே. சுப்பிரமணியம் எடுத்துத் தடைக்கு உள்ளான 'தியாகபூமி' (1939) ஆகியவை அந்த மரபைச் சேர்ந்தவை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி, பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை மேடையில் நடித்தவர்.

ஆக, தமிழகத்தில் நடித்த முதல் அரசியல்வாதி அண்ணா அல்லர். சத்தியமூர்த்தி நடித்ததை யாரும் அவர் அரசியலுக்கு இழுக்காகக் கருதவும் இல்லை. பாஸ்கரனின் பங்களிப்பு இந்தத் தொடர்ச்சியை நிறுவியது. ஆனால் தொடர்ச்சியைக் காட்டும் ஆய்வு, என்ன மாறியது என்பதைச் சொல்ல வேறொரு கருவியை நாட வேண்டியிருக்கிறது. தேசிய இயக்கத்தில் நடிகர்கள் கட்சிக்கு உதவினார்கள். முடிவெடுக்கும் இடத்தில் வழக்கறிஞர்களும் நிலக்கிழார்களும் இருந்தார்கள். தி.மு.க.வில் நாடகம் எழுதியவரே பொதுச்செயலாளர்.

நாடகக்காரர் அண்ணா

1942இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே அண்ணா நாடகத்தின் பக்கம் திரும்பிவிட்டார். 'சந்திரோதயம்', 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்', 'வேலைக்காரி', 'ஓர் இரவு', 'நீதிதேவன் மயக்கம்' ஆகியவை 1940களில் மேடையேறின. 'ஓர் இரவு' பார்த்த கல்கி, எதிர் அணியில் இருந்தும், பெர்னார்ட் ஷாவோடும் இப்சனோடும் ஒப்பிட்டு அதைப் பாராட்டினார். 'வேலைக்காரி'யையும் 'ஓர் இரவை'யும் கே.ஆர். ராமசாமியின் குழு ஊர் ஊராகக் கொண்டுசென்றது. நாடக வசூல் இயக்கத்துக்கும் இதழுக்கும் நிதியாயிற்று.

அண்ணா ஏற்ற வேடங்களில் இரண்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் கணேசன் சிவாஜியாக நடித்தார்; அந்த நடிப்பைப் பார்த்துப் பெரியார் சூட்டிய பெயர்தான் அவருக்கு நிலைத்தது. அண்ணா எடுத்துக்கொண்ட வேடம் காகபட்டர். வாளால் நாட்டை வென்ற மராட்டிய வீரனுக்குப் பிறப்பைக் காரணம் காட்டி முடிசூட்டு மறுக்கப்படுகிறது. காசியிலிருந்து வரவழைக்கப்படும் காகபட்டர் சாத்திரத்தின் துணைகொண்டு அந்த வீரனைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறார். அண்ணா தம் அரசியல் எதிர்த்துப் போராடிய அதிகாரத்தின் உருவத்தையே மேடையில் ஏற்றார். 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே அவர் இராவணன். இரக்கமற்ற அரக்கன் என்று கம்பன் அளித்த தீர்ப்பை மறுவிசாரணைக்கு இழுத்து, இரக்கம் காட்டாத மற்றவர்களை எப்படிப் போற்றுகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றிக் கேட்பவன்.

இரண்டும் வாதாடும் வேடங்கள். உடல்வீரத்துக்கோ காதலுக்கோ அவற்றில் இடமில்லை. அண்ணாவின் நாடகத்தில் உச்சக்கட்டம் என்பது பெரும்பாலும் ஒரு வாதத்தின் உச்சம்தான். 1943இல் கம்பராமாயணம் குறித்து ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்டவர், அதே வாதத்தை நாடகமாக்கி, பின்னர் அதே வாதமுறையைச் சட்டமன்றத்துக்கும் மாநிலங்களவைக்கும் கொண்டுசென்றார். நடிப்பு, எழுத்து, அரசியல் என்று மூன்று தொழில்களை அவர் தனித்தனியே நடத்தியதாகச் சொல்லும் வாழ்க்கை வரலாறுகள் இந்தப் பொது இழையைத் தவறவிடுகின்றன.

'வேலைக்காரி' 1949இல் ஜுபிடர் நிறுவனத் தயாரிப்பாக, ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கத்தில் படமானது. அதில் காளி கோயில் காட்சி இன்றும் பேசப்படுகிறது. கடன் நெருக்கடியால் தூக்கில் தொங்கிய தந்தையின் மகன் ஆனந்தன், நீதி கேட்டுக் காளியிடம் வருகிறான். தன் குடும்பத்தை அழித்த வேதாசல முதலியாரும் அதே காளியைக் கும்பிட்டுத்தான் செழிக்கிறார் என்பது அவனுக்கு உறைக்கிறது. பக்திப் படங்களில் பக்தன் அழுது முறையிடும் இடத்தில் நின்றுகொண்டு அவன் தெய்வத்திடம் கணக்குக் கேட்கிறான். சன்னதியும் விளக்கும் முறையிடும் குரலும் பார்வையாளருக்குப் பழகியவை. அந்தப் பழக்கத்தின் உள்ளே புகுந்து அண்ணா கேள்வியை மாற்றினார். அதே ஆண்டில் வந்த 'நல்லதம்பி'யும் ஓர் அமெரிக்கப் படக்கதையை என்.எஸ். கிருஷ்ணனுக்காகத் தமிழ்ச் சூழலுக்குக் கொண்டுவந்தது. 'ஓர் இரவு' 1951இலும் 'சொர்க்கவாசல்' 1954இலும் வந்தன. அதன்பின் அவர் திரைக்கு நேரடியாக எழுதியது குறைவு. 'ரங்கோன் ராதா' (1956) அவருடைய நாவல், திரைக்கதை வசனம் கருணாநிதியுடையது.

'பிரச்சாரக் கருவி' விளக்கம்

கல்வித்துறை சார்ந்த முதல் வலுவான விளக்கம் அமெரிக்க அரசியலறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவுடையது. நட்சத்திரங்களையும் தி.மு.க.வையும் பற்றி 1973இல் அவர் எழுதிய கட்டுரை பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் தொடக்கப்புள்ளி. கதை, வசனம், பாடல், கொடியின் கறுப்புச் சிவப்பு, உதயசூரியன் என எல்லா வழியிலும் கட்சி திரைக்குள் நுழைந்ததையும், ரசிகர் மன்றங்கள் தேர்தல் வேலைக்குத் திரும்பியதையும் அவர் விவரித்தார். 1975இல் ஆந்தனி நைட்ஹார்ட்டுடன் சேர்ந்து திரைப்படத்துக்கும் அரசியல் விழிப்புக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வையும் வெளியிட்டார்.

இந்த விளக்கத்தின் பலம் அதன் விவரங்களில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் சின்னத்திலேயே ஆணும் பெண்ணும் கட்சிக் கொடியை ஏந்தி நின்றதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. பலவீனம் காலக்கணக்கில் இருக்கிறது. கூர்மையான கொள்கைப் படங்கள் என்று பேசப்படும் 'வேலைக்காரி', 'பராசக்தி' போன்றவை 1949க்கும் 1952க்கும் இடையில் வந்தவை. தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றது 1957இல். வென்றது 15 இடங்கள். ஆட்சி வந்தது மேலும் பத்தாண்டு கழித்து. இடைப்பட்ட காலத்தில் தணிக்கை இறுகியது, தயாரிப்பாளர்கள் எச்சரிக்கையானார்கள், 1954இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. கொள்கை மெலிந்து நட்சத்திரம் வளர்ந்த காலம் அது. படத்தின் கருத்து பார்வையாளர் மனத்தில் இறங்கி வாக்காக மாறியது என்றால், கருத்து குறையக் குறைய வாக்கு கூடியதை எப்படி விளக்குவது?

'பராசக்தி'யின் கதையை ஆராய்ந்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1991இல் எழுதிய கட்டுரை இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தது. தணிக்கையோடும் வணிகத்தோடும் சமரசம் செய்துகொண்டு வந்த படம், வெளியே நடந்த எதிர்ப்பாலும் தடைக் கோரிக்கைகளாலும் அதில் இருந்ததைவிடத் தீவிரமான படமாகப் பார்க்கப்பட்டது. ஒரு படத்தின் அரசியல் திரைக்குள் முடிந்துவிடுவதில்லை. எதிரிகளின் கூச்சலும் அதை எழுதுகிறது.

கொட்டகையின் தரையும் பெஞ்சும்

இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் எழுதிய சிறு நூல் கேள்வியை வேறு தளத்துக்கு நகர்த்தியது. திரையில் என்ன சொல்லப்பட்டது என்பதை விட்டுவிட்டு, திரையின் முன் யார் யார் அமர்ந்தார்கள் என்று அவர் கேட்டார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலை வடிவம் சினிமா; அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதிப் படிநிலை அல்ல, டிக்கெட் காசு என்பது அவர் வாதம். கோயில் மண்டபத்திலும் சபாவிலும் நுழைய முடியாதவர் தரை டிக்கெட் எடுத்து எல்லோருடனும் அமர முடிந்தது. காங்கிரஸ் அரசு கிராமங்களுக்குக் கொண்டுசென்ற மின்சாரம் டூரிங் கொட்டகைகளைப் பெருக்கி எதிர்க்கட்சிக்கு அரங்கமாக்கியது என்பதும் இதோடு சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு.

மார்க்சியர் ஒருவர் பண்பாட்டு வெளியை இவ்வளவு கூர்ந்து பார்த்தது அக்காலத்தில் அரிது. ஆனால் இவ்வாதம் சற்று அதிகமாகவே விளக்கிவிடுகிறது. கொட்டகைகள் கேரளத்திலும் ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் இருந்தன. அங்கெல்லாம் 1967இல் இப்படி ஒரு கட்சி எழவில்லை. கிராமக் கொட்டகைகளில் சாதிப் பிரிவினை நடைமுறையில் எந்த அளவுக்குத் தளர்ந்தது என்பதும் ஊருக்கு ஊர் மாறியிருக்கும். வாய்ப்பைச் சினிமா திறந்தது என்றால் ஏற்கலாம். அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்ட கை எது என்பதுதான் மீதிக் கேள்வி.

நட்சத்திரத்தின் நிழலில்

1972இல் எம்.ஜி.ஆர். பிரிந்து சென்று 1977இல் ஆட்சியைப் பிடித்ததும் ஆய்வுலகத்தின் பார்வை முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. பாண்டியனின் எம்.ஜி.ஆர். பற்றிய நூல் (1992), ஏழைகளின் நலனுக்கு முரணான கொள்கைகளைக் கொண்ட ஓர் ஆட்சியை ஏழைகளே ஏன் தாங்கிப் பிடித்தார்கள் என்று கேட்டது. நாட்டார் வீரர் கதைகள், திரையில் உழைப்பாளியாகத் தோன்றிய பிம்பம், அதை வெளியுலக வாழ்க்கையோடு பிணைத்த பிரச்சாரம் ஆகியவற்றில் அவர் விடை தேடினார். மதுரையில் 1980களில் களஆய்வு செய்த சாரா டிக்கி, ரசிகர்கள் வெறுமனே மயங்கிக் கிடப்பவர்கள் என்ற எண்ணத்தைத் திருத்தினார். மன்றம் அவர்களுக்கு மரியாதையும் பொதுவாழ்வும் கிடைத்த இடம் என்று காட்டினார். மாதவ பிரசாத் 2014இல் எழுதிய நூலில், கட்சி சினிமாவைப் பயன்படுத்துவது வேறு, நட்சத்திரமே மக்களின் பிரதிநிதியாக உருவெடுப்பது வேறு என்று கோடு கிழித்தார். மொழிவழி மாநிலங்கள் அமைந்த பின்னணியில் எம்.ஜி.ஆர்., என்.டி. ராமராவ், ராஜ்குமார் மூவரையும் ஒருசேர வைத்துப் பார்த்ததில் அவர் தெளிவு பிறந்தது.

இந்த ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது பிரசாத் கிழித்த அந்தக் கோட்டைத்தான். அதை மறந்தால் 1977இன் வெளிச்சத்தில் 1967ஐப் படிக்கும் பிழை நேரும். பலருக்கு நேர்ந்தும் இருக்கிறது. 1967 சனவரியில் சுடப்பட்ட எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டுடன் இருக்கும் படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் அவர் வென்றார். அதன் தாக்கம் பெரிது என்பதில் ஐயமில்லை. அவர் முகத்தைக் காட்டினாலே பல்லாயிரம் வாக்கு விழும் என்று அண்ணா சொன்னதாக வழங்கும் பேச்சும் உண்டு. ஆனால் அண்ணா அமைத்த ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவையில் திரை நட்சத்திரம் ஒருவர்கூட இல்லை. 1962இல் தேனியில் வென்ற எஸ்.எஸ். ராஜேந்திரன் போன்றோர் கட்சியில் இருந்தும், அதிகாரத்தின் மையம் எழுத்தாளர்களிடமும் பேச்சாளர்களிடமும் அமைப்பாளர்களிடமுமே இருந்தது.

நட்சத்திரம் மட்டும் போதும் என்ற கருத்துக்கு எதிர்ச்சான்று சிவாஜி கணேசன். எம்.ஜி.ஆருக்கு ஈடான புகழ் பெற்றவர், 1988இல் தனிக்கட்சி கண்டு 1989இல் திருவையாற்றில் தோற்றார். ஆந்திரத்தில் 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி ஓராண்டுக்குள் முதலமைச்சரான ராமராவ் ஒரு பக்கம். அதே மொழியில் 2009 தேர்தலில் 294 இடங்களில் 18 மட்டும் பெற்ற சிரஞ்சீவி மறுபக்கம்.

மேடைப் பேச்சு, படிப்பகம், கடிதம்

சினிமாவை மையத்திலிருந்து நகர்த்தும் ஆய்வுகள் தனி ஓடையாக வளர்ந்தன. மார்கரீட் ராஸ் பார்னெட்டின் 1976ஆம் ஆண்டு நூல் தி.மு.க.வைப் பண்பாட்டுத் தேசியத்தின் வழியாக விளக்கியது. நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் கட்சியின் கிளை அமைப்பையும், உள்ளூர்க் குழுக்கள் தம் போக்கில் இயங்க அது விட்ட இடத்தையும் முன்னிறுத்தினார். பெர்னார்ட் பேட் 2009இல் வெளியிட்ட நூல் மேடைப் பேச்சையே ஆய்வுப் பொருளாக்கியது: அடுக்குமொழியும் செந்தமிழ் நடையும் கொண்ட அந்தப் பேச்சு, எழுத்தறிவும் பெருமிதமும் மறுக்கப்பட்டவர்களுக்குப் பழந்தமிழின் வாரிசுகள் என்ற உணர்வைக் கொடுத்தது. அண்மையில் ராஜன் குறை கிருஷ்ணன், ரவீந்திரன் ஸ்ரீராமச்சந்திரன், வி.எம்.எஸ். சுபகுணராஜன் மூவரும் சேர்ந்து எழுதிய நூல் (2022), 1949க்கும் 1967க்கும் இடையில் 'மக்கள்' என்ற அரசியல் கூட்டு எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்கிறது.

இந்த ஓடையைப் படிக்கும்போது அண்ணாவின் எழுத்து புதிய பொருள் பெறுகிறது. 1955 முதல் 'திராவிட நாடு' இதழில் அவர் எழுதிய தம்பிக்குக் கடிதங்களை எடுத்துக்கொள்வோம். நாட்டின் வரவு செலவும் உலகச் செய்தியும் கட்சிப் பூசலும் அண்ணன் தம்பிக்குச் சொல்லும் பேச்சாக அதில் வரும். படிப்பகத்திலோ சலூனிலோ தேநீர்க் கடையிலோ ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத நான்கு பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். வீட்டில் தம்பியாகக்கூட மதிக்கப்படாத கூலிக்கார இளைஞனுக்கு வாரந்தோறும் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் படித்ததை அவன் மாலையில் மேடையில் கேட்டான், வார இறுதியில் நாடகத்தில் பார்த்தான், கொட்டகையில் வேறொரு கதையாகக் கண்டான். ஒன்று மற்றதற்குச் சாட்சி சொன்னது. சினிமாவை மட்டும் இந்த வலையிலிருந்து பிய்த்தெடுத்து அதன் எடையை அளக்க முயல்வது, பாவில் ஓர் இழையை உருவி வைத்துக்கொண்டு சேலையின் அழகைத் தேடுவதைப் போன்றது.

இந்த விளக்கத்துக்கும் ஆபத்து உண்டு. எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்து வேலை செய்தது என்றால் எதையும் சோதிக்க முடியாமல் போகும். அமைப்பைப் புகழும் ஆய்வுகள் கட்சியின் சொந்தப் பதிவுகளை நம்பியிருப்பதும், அந்தப் பதிவுகளை எழுதியவர்கள் ஆண்களாகவும் பெரும்பாலும் இடைநிலைச் சாதியினராகவும் இருந்ததும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டியவை. திராவிடச் சொல்லாடலில் தாய்மை வகித்த இடத்தை விமர்சித்து சி.எஸ். லட்சுமி 1990இல் எழுதிய கட்டுரை எழுப்பிய ஐயங்களுக்கு இந்த ஓடை இன்னும் போதிய பதில் தரவில்லை.

வாக்குக் கணக்கு

இந்த விவாதத்தில் ஏனோ குறைவாகவே பேசப்படுவது தேர்தல் கணக்கு. 1967இல் காங்கிரஸ் பெற்ற வாக்கு ஏறத்தாழ 41 விழுக்காடு, தி.மு.க. 40.7. வாக்கில் காங்கிரஸ் ஒரு மயிரிழை முன்னே நின்றது. இடங்களிலோ தி.மு.க. 174 தொகுதிகளில் நின்று 137 வென்றது; 234 பேர் கொண்ட அவையில் காங்கிரசுக்குக் கிடைத்தது 51. 1962இல் 46 விழுக்காட்டோடு காங்கிரஸ் 139 இடங்களைப் பிடித்தபோது தி.மு.க.வின் பங்கு 27 விழுக்காடு, 50 இடங்கள். அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார்.

அந்த ஐந்தாண்டில் மாறியவை என்ன? எதிர்க்கட்சிகள் ஓரணியானது முதல் காரணம். ராஜாஜியின் சுதந்திரா 20 இடங்களும் மார்க்சிஸ்டுகள் 11 இடங்களும் வென்றார்கள். ஒருவரையொருவர் பார்க்க விரும்பாத இந்த இரு தரப்பையும் ஒரு குடைக்கீழ் நிறுத்தியது அண்ணாவின் உடன்பாட்டுத் திறன். அதற்கு நடிப்பும் வேண்டியிருக்கவில்லை, வசனமும் வேண்டியிருக்கவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் துப்பாக்கிச்சூடும், அதன்பின் வந்த அரிசித் தட்டுப்பாடும், ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதியும் மற்ற காரணங்கள். விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் நடிகர் அல்லர், மாணவர் தலைவர். இந்தக் கணக்கு சினிமாவின் பங்கை மறுக்கவில்லை. 27 விழுக்காடு என்ற அடித்தளம் 1962க்குள் எப்படி வந்தது என்று கேட்டால் நாடகமும் இதழும் படமும் மீண்டும் உள்ளே வரும். அடித்தளம் கட்டியதும் ஆட்சி கிடைத்ததும் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள். முதலாவதில் அரங்கத்தின் பங்கு கணிசமாக இருந்திருக்க வேண்டும், இரண்டாவதில் அதைவிடக் குறைவு. இதற்கு மேல் உறுதியாகச் சொல்லச் சான்றுகள் இடம் தரவில்லை.

இலக்கியமா, பிரச்சாரமா?

இதோடு ஒட்டி வளர்ந்த இன்னொரு வழக்கு, அண்ணாவின் எழுத்துக்கு இலக்கியத்தில் இடம் உண்டா என்பது. மணிக்கொடி மரபும் பின்வந்த சிறுபத்திரிகை மரபும் திராவிட இயக்க எழுத்தைப் பிரச்சாரம் என்று ஒதுக்கின. 1969இல் அண்ணா மறைந்தபோது நாடே துக்கத்தில் இருக்க, ஜெயகாந்தன் அவரை விமர்சித்து ஆற்றிய உரை இந்த நிராகரிப்பின் உச்சம். மறுதரப்பு, 'செவ்வாழை' போன்ற கதையைக் காட்டி வாதிடும்: ஏழைக் குடும்பம் பிள்ளைபோல் வளர்த்த வாழையின் முதல் குலை பண்ணையாருக்குப் போய்விடும் அந்தக் கதையில் அடுக்குமொழியும் இல்லை, அறைகூவலும் இல்லை.

இரு தரப்பும் நாடகப் பிரதியை நூலாக மட்டுமே வாசிக்கின்றன என்பது என் மனக்குறை. அச்சில் நீளமாகவும் அலங்காரமாகவும் தெரியும் வசனம், ஒலிபெருக்கி கையில் கிடைக்காத ஓர் ஊரில், இரவு முழுக்க விழித்திருக்கும் கூட்டத்தின் கடைசி வரிசைவரை சென்றடைய எழுதப்பட்டது. அந்த நோக்கில் அதை மதிப்பிட்டவர்கள் சிலரே.

இன்னும் தெளியாதவை

அண்ணாவைச் சினிமா உருவாக்கியது என்பதைவிட, சினிமாவில் அரசியல் பேசலாம் என்ற வழியை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர் என்று சொல்வது சான்றுகளுக்கு நெருக்கமாக இருக்கிறது. நட்சத்திர அரசியலுக்கு அவரே கதவு திறந்தார் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. அந்தக் கதவு வழியே வந்தது அவர் எதிர்பார்த்ததுதானா என்பதை அவருடைய இரண்டாண்டு ஆட்சியைக் கொண்டு முடிவு செய்வது கடினம்.

பெண்கள் இந்த நாடகங்களையும் படங்களையும் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது இன்றும் பெரும் இருள்வெளி. 'வேலைக்காரி'யின் அமிர்தத்தையும் 'ரங்கோன் ராதா'வின் ரங்கத்தையும் 1950களின் பெண் பார்வையாளர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு நேரடிப் பதிவுகள் மிகக் குறைவு. அடுத்தது ஒப்பீடு. கேரளத்தில் தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகம் 1952இல் மேடையேறியது. பாசி சட்டமன்ற உறுப்பினரானார். 1957இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். நாடகமே அந்த ஆட்சியைக் கொண்டுவந்தது என்று அங்கே யாரும் தனிக்காரணமாகச் சொல்வதில்லை. நிலவுரிமைப் போராட்டமும் தொழிற்சங்கமும் முதலில் வரும். தமிழகத்தில் மட்டும் அரங்கத்துக்கு இவ்வளவு பெரிய பங்கு கொடுக்கப்படுவது ஏன்? அங்கே நாடகம் எழுதியவர் கட்சித் தலைமையில் இல்லை என்பதாலா, இங்கே ஏளனம் வகுத்த கேள்வி இன்னும் ஆய்வாளர்களை வழிநடத்துவதாலா?

யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் இதே படங்கள் ஓடின, இதே வசனங்கள் மனப்பாடமாயின. அங்கே தமிழர் அரசியல் வேறு பாதைகளில் சென்றது. ஒரே படம் மூன்று நாடுகளில் மூன்று விதமாக ஏற்கப்பட்டதை அருகருகே வைத்துப் பார்க்கும் ஆய்வு, படத்தின் பங்கையும் அமைப்பின் பங்கையும் பிரித்தறிய இதுவரை கிடைத்தவற்றில் நல்ல சோதனைக்களமாக அமையும். அதற்குத் தேவையான நாடக நோட்டீசுகள், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் கதை வசனப் புத்தகங்களும், கிளைக் கழகங்களின் கணக்கேடுகள் பெரும்பாலும் தனியார் வீடுகளில்தான் இருக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுக்கும் வேலை, புதிய கோட்பாடு ஒன்றை எழுதுவதைக் காட்டிலும் இப்போது அவசரமானது.